காசுப் பாங்கியின் பாட்டியம்மாள்: மாகி லீனா வாக்கர்

நம் வீட்டுப் பாட்டிமார்களிடம் சிறுவாட்டுக் காசு என்று ஒன்று உண்டு. அரிசிப் பானையின் அடியிலோ அஞ்சறைப் பெட்டியின் மூலையிலோ அது ஒளிந்திருக்கும். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வெளியே வரும். பள்ளிச் சம்பளம் கட்ட வழியில்லை என்றால் வெளியே வரும். மற்ற நாளில் அது இருக்குமிடம் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இப்படிப்பட்ட காசுகளைத் திரட்டியே ஒரு பாங்கியை எழுப்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்து நின்ற ஒரு பாட்டியம்மாளின் வரலாற்றை இவ்வாரம் கூறுவோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்து, அதிலேயே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதித்து, அதிலேயே அடக்கமானவர். ஆயினும் நம் தாய்மார்களுக்கு அவர் கதை அந்நியமாகத் தோன்றாது என்றே எண்ணுகிறோம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தின் தலைநகர் ரிச்மண்ட். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாகாணங்களின் கூட்டரசுக்கும் அதுவே தலைநகராக இருந்தது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864-ஆம் ஆண்டு, ஜூலை 15-ந் தேதி, அந்நகரில் மாகி பிறந்தார். தாயார் எலிசபெத் டிரேப்பர் அடிமையாக இருந்தவர். எலிசபெத் வான் லூ என்ற செல்வச் சீமாட்டியின் மாளிகையில் சமையலுக்கு உதவியாக வேலை பார்த்தார். இந்தச் சீமாட்டி தென்னவர் தலைநகரின் நடுவிலே உட்கார்ந்துகொண்டு வடவர் சேனைக்கு வேவு பார்த்தவர். அது வேறு கதை, இங்கு விட்டுவிடுவோம். மாகியின் தந்தை அயர்லாந்தில் பிறந்த வெள்ளையர் ஒருவர். அவர் தாயாரை மணக்கவில்லை. அந்நாளைய வர்ஜீனியச் சட்டமும் அத்தகைய மணத்திற்கு இடம் கொடுக்கவில்லை.

1868-இல் தாயார் அதே மாளிகையில் பணிவிடை செய்த வில்லியம் மிட்சல் என்பவரை மணந்துகொண்டார். குடும்பம் நகரத்துச் சந்து ஒன்றில் சிறு வீட்டிற்குக் குடிபோயிற்று. ஜானி என்ற தம்பி பிறந்தான். வில்லியம் ஒரு ஓட்டலில் தலைமைப் பரிசாரகராக உயர்ந்தார். நல்ல காலம் பிறந்தது என்று எண்ணியிருந்தபோது, 1876-இல் ஒருநாள் அவர் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து ஜேம்ஸ் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். தற்கொலை என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள். கொலை என்றே குடும்பத்தார் கடைசிவரை நம்பினார்கள். அடக்கம் முடிந்தபின் வீட்டில் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை.

விதவையான தாயார் துணி வெளுக்கத் தொடங்கினார். வெள்ளைக்காரர் வீட்டு அழுக்குத் துணி கூடை கூடையாக வரும். தண்ணீர் சுமந்து, அண்டாவில் காய்ச்சி, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து மடித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயது மாகி தம்பியைக் கவனித்துக்கொண்டு, பள்ளிக்கும் போய், மடித்த துணிகளைக் கூடையில் வைத்துப் பெரிய வீடுகளின் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்து, கூலியை வாங்கி வருவாள். அந்தக் கூலிக் காசு ஒவ்வொன்றிலும் தாயாரின் முதுகுவலி எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பிற்காலத்தில் அவர் பெரிய பெரிய தொகைகளைக் கையாண்டபோதும் காசை அந்தக் கண்ணால்தான் பார்த்தார் என்பது எம் கருத்து.

படிப்பில் மாகி சூட்டிகை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 1883-இல் தேர்ச்சி பெற்றார். அந்த வருடம் ஒரு சம்பவம். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா நகர நாடக மண்டபத்தில். கறுப்பினப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் ஒரு கோயிலில். வரி எல்லோரும் கட்டுகிறோம், மண்டபம் மட்டும் ஏன் இல்லை என்று அவ்வகுப்பின் பத்து மாணாக்கரும் மறுத்து நின்றார்கள். மண்டபம் கிடைக்கவில்லை, ஆனால் அவர்களும் கோயிலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலேயே விழா நடந்தது. பிறகு மூன்று ஆண்டு உபாத்தியாயினியாக வேலை பார்த்தார். 1886 செப்டம்பரில் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்ற செங்கல் கட்டிடத் தொழிலாளரின் மனைவியானார். மணமான பெண் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்பது அந்நாளைய விதி. ஆகவே வேலை போயிற்று.

வேலை போனதே நல்லதாயிற்று. பதினான்கு வயதிலிருந்தே அவர் அர்ச். லூக்காஸ் சங்கம் என்ற ஒரு சகாய சங்கத்தில் அங்கத்தினர். மேரி பிரவுட் என்ற கறுப்பின மாது 1867-இல் பால்டிமோர் நகரில் நிறுவிய சங்கம் அது. மாதச் சந்தா கட்டி, நோய் வந்தால் உதவியும் இறந்தால் அடக்கச் செலவும் பெறுவார்கள். நம் ஊர்களில் உள்ள நல்மரண உதவிச் சபைகளைப் போன்றது எனலாம். வைத்தியராக இருந்த சுவிசேஷகரின் பெயர் அதற்குப் பொருத்தமானதே. அன்றைய கறுப்பின மக்களை எந்தப் பெரிய காப்பீட்டுக் கம்பெனியும் மதித்து நடத்தவில்லை. நோயாளியைப் பார்ப்பதும் பிணத்தை எடுப்பதும் அவர்களே தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. மாகி இச்சங்கத்தில் படிப்படியாக உயர்ந்து, 1895-இல் சிறுவர்களுக்கென்று ஒரு பிரிவை ஏற்படுத்தினார்.

1899-இல் சங்கம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பெட்டியில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கொடுக்க வேண்டிய பாக்கி சுமார் 400 டாலர். முன்பிருந்த காரியதரிசி விலகிக்கொண்டார். அவருக்கு வருடத்திற்கு 300 டாலர் சம்பளம்; மாகி அம்மையாருக்கு 100 டாலர்தான் என்றார்கள். ஏற்றுக்கொண்டார். சாகும்வரை அந்தப் பதவியை விடவுமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசி, கிளைகளை எழுப்பி, கணக்குகளைச் சீர்செய்தார். 1924-ஐ ஒட்டிய காலத்தில் அங்கத்தினர் தொகை 50,000 வரை பெருகியிருந்தது.

1901-ஆம் ஆண்டு சங்கத்தின் மகாநாட்டில் எழுந்து அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சங்கத்திற்கென்று ஒரு பத்திரிகை வேண்டும், ஒரு கடை வேண்டும், ஒரு தொழிற்சாலை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாங்கி வேண்டும் என்றார். நம் காசை நாமே சேர்த்து, நாமே கடன் கொடுத்து, அதன் பலனையும் நாமே அனுபவிப்போம் என்பது அவர் பேச்சின் சாரம். பத்திரிகை மறுவருடமே வெளிவந்தது. பாங்கிக்கு அவர் அவசரப்படவில்லை. ரிச்மண்ட் நகரத்து வெள்ளையர் பாங்கி ஒன்றில் அனுமதி பெற்று, தினம் சில மணி நேரம் அங்கே உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். பற்று வரவு எப்படி எழுதுகிறார்கள், எந்தப் பத்திரத்தின் மேல் கடன் கொடுக்கிறார்கள், கையிருப்பாக எவ்வளவு வைத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தார். முப்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை, நிறத்தின் காரணமாக அதே நகரில் எத்தனையோ வாசல்களில் மறுக்கப்பட்டவர், அப்படி மாணாக்கியாக உட்கார்ந்ததை நாம் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும்.

1903 நவம்பர் 2-ந் தேதி அர்ச். லூக்காஸ் காசுச் சேமிப்புப் பாங்கி திறக்கப்பட்டது. அம்மையாரே தலைவர். அமெரிக்காவில் சாசனம் பெற்ற ஒரு பாங்கியை நிறுவித் தலைமை வகித்த முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தான். நிர்வாக சபையிலும் பெண்கள் இருந்தார்கள். முதல் நாளே முந்நூறு பேர் அளவில் வந்து வரிசையில் நின்றார்கள். சேர்ந்த தொகை ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். அவர்களில் ஒருவர் கட்டிய பணம் 31 சென்ட். அந்த முப்பத்தொரு சென்டுக்கும் கணக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது.

பணம் போட வந்தவர்களில் பெரும்பாலோர் சலவைப் பெண்கள், சமையற்காரிகள், கூலிக்காரர்கள். இவர்கள் காசை வேறெங்கும் போட முடியாதா என்று கேட்கலாம். போடலாம், ஆனால் மரியாதை இராது. போட்ட பணத்தை வெள்ளையர் பாங்கி வெள்ளையருக்கே கடனாகக் கொடுக்கும். அதே சலவைப் பெண் ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனால் கதவு திறக்காது. வெளியில் கந்துவட்டிக்காரன் காத்திருப்பான். காசுப் பாங்கி இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டது. ஒருத்தியின் காசு இன்னொருத்தியின் வீட்டுக் கடனாகப் போகும். மாதாமாதம் தவணையாகத் திரும்பிவரும். திரும்பிவந்தது மூன்றாமவருக்குப் போகும். 1920-ஆம் ஆண்டுக்குள் சுமார் 600 குடும்பங்கள் இப்பாங்கியின் கடனால் வீடு வாங்கியிருந்தன. வாடகைக்கு விடப்பட்ட குடிசைகளிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு இது சிறிய காரியமா?

பிள்ளைகள் விஷயத்தில் அம்மையார் காட்டிய அக்கறை தனியே சொல்லத் தக்கது. சங்கத்தின் சிறுவர்களுக்குச் சின்ன அட்டை உண்டியல் கொடுப்பார். மிட்டாய்க்குப் போகும் காசு அதில் விழும். ஒரு டாலர் சேர்ந்ததும் பிள்ளை தானே பாங்கிக்கு வந்து, பெரியவர்கள் நிற்கும் அதே ஜன்னலில் நின்று கணக்குத் திறக்க வேண்டும். தகப்பன்மார் கொண்டுவந்து கட்டக் கூடாதா என்றால், கூடாது என்பதல்ல. பிள்ளை நடந்து வருவதில்தான் பாடம் இருக்கிறது. பாதரட்சைகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்த ஒற்றைக் கால் பையன் ஒருவனைப் பற்றியும் அம்மையார் சொல்வதுண்டு. பாங்கியில் சிறுகச் சிறுகப் போட்டு ஐம்பது டாலர் சேர்த்தான். அதைக் கொண்டு தெருவோரத்தை விட்டுச் சொந்தமாக ஓர் இடம் பிடித்தான். சில ஆண்டுகளில் தாயாரோடு குடியிருக்க வீடும் வாங்கினான்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தன என்று எழுதினால் அது வரலாறாகாது. 1904-இல் டிராம் வண்டிகளில் கறுப்பினத்தாரைத் தனியே உட்காரச் செய்ததை எதிர்த்து ரிச்மண்ட் மக்கள் வண்டி ஏறாமல் நடந்தார்கள்; அம்மையாரின் பத்திரிகை துணை நின்றது. டிராம் கம்பெனி நொடித்தது உண்மை. ஆனால் இரண்டு வருடத்தில் பிரித்து உட்கார வைப்பதையே மாகாணச் சட்டமாக்கிவிட்டார்கள். 1905-இல் நகரின் கடைத்தெருவில் சங்கத்தின் பெரிய ஜவுளிக்கடை திறந்தது. கறுப்பினப் பெண்கள் விற்பனையாளராக நிற்பது அந்தத் தெருவுக்குப் புதிது. வெள்ளை வியாபாரிகள் கட்டிடத்தை விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள், அம்மையார் கொடுக்கவில்லை. பிறகு மொத்த வியாபாரிகளைக் கட்டுப்படுத்தி, இந்தக் கடைக்குச் சரக்கு போகாதபடி செய்யப் பார்த்தார்கள். அதைக்காட்டிலும் அம்மையாருக்கு வருத்தம் தந்தது, தம் மக்களே அங்கே வராமல் எதிரிலிருந்த பழைய கடைகளுக்குப் போனதுதான். ஆறேழு ஆண்டுகளில் கடை மூடப்பட்டது.

பாங்கியை மட்டும் அவர் மூடவிடவில்லை. அதே நகரில் அவர் பாங்கிக்கு முன்பே தோன்றிப் பெரும் புகழ் பெற்றிருந்த கறுப்பின மக்களின் பாங்கி ஒன்று 1910-இல் முறிந்தது. ஒரு சகாய சங்கத்தின் வியாபாரங்களோடு பின்னிக் கிடந்ததால், அவற்றின் நஷ்டம் பாங்கியையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஏழைகள் போட்ட பணம் போனது. அதன் பின் பாங்கியும் சங்கமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மாகாண அரசாங்கம் விதித்தது. அம்மையார் அப்படியே பிரித்துவிட்டு, பாங்கியின் தலைமையைத் தொடர்ந்தார். பாங்கிப் பரிசோதகர்கள் வரும்போதெல்லாம் கணக்குகள் தயாராக இருந்தன.

இனி வீட்டைப் பார்ப்போம். ரிச்மண்டில் ஜாக்சன் வார்டு என்ற பகுதியில், லீ தெருவில், 1904-இல் வாங்கிய வீடு அது. வாங்கியபோது ஒன்பது அறைகள். மகன்களுக்கு மணமாகி, மருமக்கள் வந்து, பேரப்பிள்ளைகள் பிறக்கப் பிறக்க, வீட்டைப் பின்புறமாக நீட்டிக்கொண்டே போனார். முடிவில் இருபத்தெட்டு அறைகள் ஆயின. துணி வெளுத்த தாயார் அங்கேதான் முதுமையைக் கழித்தார். எடுத்து வளர்த்த பெண் ஒருத்தியும் உடனிருந்தாள். கூட்டுக் குடும்பம் கீழ்நாட்டாருக்கே உரியது என்று பேசுகிறவர்கள் லீ தெருவுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பாங்கியிலிருந்து திரும்பும் பாட்டியைப் பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும் வீடு அது.

ஆனால் அந்த வீட்டின் மேல் ஒரு பெரிய துக்கம் விழுந்தது. 1915 ஜூன் மாதம் அப்பகுதியில் திருடன் நடமாட்டம் இருப்பதாகப் பேச்சு. வீட்டின் பின்புறம் ஓர் உருவம் அசைவதைக் கண்ட மூத்த மகன் ரஸ்ஸல், திருடன் என்று எண்ணிச் சுட்டுவிட்டான். விழுந்தவர் அவன் தகப்பனார். கணவரை இழந்த அன்றே மகனையும் போலீசார் கொண்டுபோனார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, அவ்வருடம் நவம்பரில் வழக்கு நடந்தது. ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துக்குள்ளும் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிடச் சிலர் முயன்றார்கள். அம்மையார் மகன் பக்கத்தில் நின்றார்; அலுவலகத்துக்கும் போய் வந்தார். ஜூரிகள் ரஸ்ஸல் குற்றமற்றவன் என்று தீர்ப்பளித்தார்கள். அங்கத்தினரும் தங்கள் காரியதரிசியைக் கைவிடவில்லை. மகனோ அந்தத் துயரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. 1922-இல் தாயார் இறந்தார். 1923-இல் ரஸ்ஸலும் இளவயதிலேயே இறந்தான். அவன் மனைவியும் மகளும் பாட்டியின் வீட்டிலேயே இருந்தார்கள்.

நடுவயதில் கீழே விழுந்து முழங்காலில் பட்ட காயம் ஆண்டுக்கு ஆண்டு மோசமாயிற்று. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 1928-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். வீட்டில் மேல் மாடிக்கு ஒரு மின்தூக்கி வைத்தார். நாற்காலியோடு ஏறும்படி மோட்டார் காரையும் மாற்றிக்கொண்டார். அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவர் செய்த ஒரு காரியத்தையே நாம் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறோம். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்துவந்த மூன்று நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவில் முறிந்த பாங்கிகள் ஒன்பதாயிரத்துக்கு மேல். பாங்கி முறிந்தால் போட்டவன் பணத்துக்கு அரசாங்கப் பொறுப்பு என்பது அப்போது கிடையாது. அந்த ஏற்பாடு வந்தது பிற்பாடுதான். சிறிய பாங்கி தனியே நின்றால் ஒரு வதந்தி போதும், ஒரு நாளில் கதவை மூட. ரிச்மண்டில் கறுப்பின மக்களுக்கு எஞ்சியிருந்த பாங்கிகளோ விரல் விட்டு எண்ணத்தக்கவை. அம்மையார் போட்டியாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1930 தொடக்கத்தில் இரண்டாம் தெருச் சேமிப்புப் பாங்கியுடன் தம் பாங்கியை இணைத்தார். மறுவருடம் மூன்றாவது பாங்கி ஒன்றும் சேர்ந்தது. புதிய பாங்கிக்குக் கன்சாலிடேட்டட் பாங்கி என்று பெயர் வைத்தார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் தாங்கிவந்த அர்ச். லூக்காஸ் பெயர் பலகையிலிருந்து இறங்கியது. தலைவர் பதவியும் வேறொருவருக்குப் போயிற்று. ஆரம்ப நாள் முதல் அவரிடம் காசாளராக இருந்த எம்மெட் பர்க் தலைவரானார். அம்மையார் நிர்வாக சபையின் தலைமையை மட்டும் வைத்துக்கொண்டார்.

தாம் பெற்று வளர்த்ததன் பெயரைத் தாமே அழிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஸ்தாபனம் போனாலும் போகட்டும், நாற்காலியை விடமாட்டேன் என்பவர்களைத்தான் அதிகமாகப் பார்க்கிறோம். சலவைப் பெண்களின் காசு அவருக்குப் பெயர்ப்பலகையைவிடப் பெரிதாக இருந்தது. 1933 மார்ச்சில் நாடு முழுவதும் பாங்கிகள் அரசாணையால் மூடப்பட்டபோது எத்தனையோ பாங்கிகள் பிறகு கதவு திறக்கவே இல்லை. கன்சாலிடேட்டட் பாங்கி திறந்தது.

1934 டிசம்பர் 15-ந் தேதி, எழுபதாம் வயதில், நீரிழிவால் கால் அழுகி, அம்மையார் தம் வீட்டிலேயே காலமானார். மாணாக்கியாகவும் மணப்பெண்ணாகவும் போய்வந்த அதே முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் கோயிலில் இறுதி ஆராதனை நடந்தது. எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரு வருடத்திற்குள் இளைய மகன் மெல்வினும் இறந்தான்.

அவர் காத்த பாங்கி இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் வரை கறுப்பின மக்களின் உடைமையாகவே நடந்து, 2005-இல் வேறொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2017 ஜூலை 15-ந் தேதி, அவர் பிறந்தநாளன்று, ரிச்மண்டில் பிராட் தெருவில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். நடக்க முடிந்த நாளில் இருந்ததுபோல் நிற்கிறார். வீட்டை மருமகளும் பேத்தியும் கலைக்காமல் வைத்திருந்தார்கள். 1978-இல் தேசிய வரலாற்றிடமாக அது அறிவிக்கப்பட்டது. அம்மையாரின் மேசைகளும் புத்தகங்களும் குடும்பப் படங்களும் பெரும்பாலும் அவர் வைத்த இடத்திலேயே அங்கே இருக்கின்றன.